பச்சை உடம்பும் இசைவும்

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என மூவகை உறுதிகளைத் தமிழ் வழக்கு ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும். புராணம் கேட்டு எழுந்தவனின் துறவு எண்ணம் வீட்டு வாசலை மிதிக்குமுன் கரைந்துவிடும். சுடுகாட்டில் பிறந்த ஞானம் தலை முழுகியதும் போய்விடும். பிள்ளை பெறும் நோவில் 'இனி இந்தப் பேச்சே வேண்டாம்' என்று தாய் செய்துகொள்ளும் உறுதி, பெற்ற பிள்ளையின் முகம் கண்டதும் மறைந்துவிடும். மூன்றும் பொய்யல்ல, அந்தந்த நாழிகைக்கு மெய்யானவை. அந்த நாழிகைக்கு அப்பால் அவை நில்லா என்பதே வழக்குச் சொல்லின் உட்பொருள்.

நகைச்சுவைக்காக எடுத்தாளப்பட்டு வந்த இத்தொடர் இன்று மகப்பேற்று மருத்துவமனைகளில் கடினமானதோர் அறக் கேள்வியாக உருமாறி நிற்கின்றது. பிள்ளை பெற்ற சில நிமிடங்களிலேயே, அல்லது அடுத்த இரண்டொரு நாள்களுக்குள், நெடுங்காலம் பயன் தரும் கருத்தடைச் சாதனம் ஒன்றைத் தாயின் உடலில் பொருத்திவிடும் முறை பல நாடுகளில் வழக்கத்திற்கு வந்துள்ளது. அதற்கு அவளுடைய இசைவு எப்போது கேட்கப்படுகின்றது? கேட்கப்படும் நேரம் பல இடங்களில் அந்த வைராக்கியத்தின் நேரமாகவே அமைந்துவிடுகின்றது. அப்போது அவள் சொல்லும் 'சரி' என்னும் சொல்லை ஆராயாமல் ஏற்றுக்கொள்வது அறமாகுமா? 'இது வலியின் பேச்சு' என்று அதனைத் தள்ளிவிடுவதுதான் அறமாகுமா?

அறத்தைப் பேசுமுன் பொருளை அறிதல் நன்று. இச்சாதனங்கள் பெரும்பாலும் இரு வகையின. கருப்பையினுள் வைக்கப்படும் வளையம் ஒன்று. மேற்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில் செருகப்படும் குச்சி மற்றொன்று. வளையத்திலும் இரு பிரிவு உண்டு. செம்புக் கம்பி சுற்றிய 'டி' வடிவச் சாதனத்தில் ஹார்மோன் ஏதும் இல்லை. செம்பு விந்தணுக்களின் இயக்கத்தைக் கெடுப்பதே அதன் செயல். காப்பர்-டி 380ஏ எனப்படும் வகை 10 ஆண்டுகள் வரை பயன் தருவது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் வளையம் வகைக்கேற்ப 3 ஆண்டுகள் முதல் 8 ஆண்டுகள் வரை உழைக்கும். தோலடிக் குச்சியோ 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளது. ஏறத்தாழத் தீக்குச்சியை ஒத்தது. குறைந்தது 3 ஆண்டுகள் காக்க வல்லது. குச்சி அணிந்த ஆயிரம் பெண்களில் ஓராண்டில் கருவுறுவோர் ஒருவர் எனலாம். காப்பர்-டி அணிந்தோரில் எண்மர். நாள்தோறும் விழுங்கும் மாத்திரையை, மறதியும் இடையிடையே நேரும் இயல்பான வாழ்க்கையில், நம்பியிருப்போரில் இத்தொகை எழுபது அளவிற்கு உயர்கின்றது.

காலக் கணக்கும் உண்டு. வளையத்தை நஞ்சுக்கொடி வெளிப்பட்ட 10 நிமிடங்களுக்குள் வைப்பது சிறப்பு; தவறினால் 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம்; அதையும் தவறவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். உடனே வைக்கப்படும் வளையம் நழுவி வெளியேறிவிடும் வாய்ப்பு, பின்னாளில் வைக்கப்படுவதைவிட மிகுதி என்பதையும் மறைக்கலாகாது. பாலூட்டும் தாய்மார்க்குத் தோலடிக் குச்சியை ஆறு வாரம் தள்ளிப் போடுமாறு முன்னர் அறிவுறுத்தி வந்த உலகச் சுகாதார நிறுவனம், 2015 இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. எனவே பேற்றுக் கட்டிலிலிருந்து இறங்குமுன்னே குச்சியை அணிந்துகொள்ளும் வழியும் பிறந்தது.

இவ்வளவு விரைவு எதற்கு என்று வினவுவோர் உளர். 'பால் கொடுக்கும் வரையில் கரு தங்காது' என்னும் நம்பிக்கை நம் பெண்களிடையே ஆழ வேரூன்றியது. அதில் உண்மையும் உண்டு. ஆயின் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், மாதவிலக்குத் திரும்பாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பாலன்றி வேறு உணவு பிள்ளைக்குக் கொடாதிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் மட்டுமே அந்த உண்மை நிற்கும். பாலூட்டாத தாய்க்கோ மூன்று வாரம் கழிந்ததுமே கருத்தடை தேவைப்படும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதங்களாவது கடக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2005 இல் தந்த அறிவுரை. இடைவெளி குறுகினால் தாய்க்குச் சோகையும், அடுத்த பிள்ளை குறைமாதத்தில் எடை குன்றிப் பிறக்கும் இடரும் கூடுகின்றன. பச்சை உடம்புக்காரி பத்தியம் முடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்ததையும் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிக் கிளினிக்குக்கு வந்து வரிசையில் நிற்பாள் என்று எதிர்பார்ப்பது எளிது. அவ்வாறு வருவது எளிதன்று. மருத்துவமனையில் இருக்கும்போதே பொருத்திவிட்டால் அந்த அலைச்சல் இல்லை. மருத்துவர் கூறும் இக்காரணத்தில் பரிவு உண்டு. அதனை ஐயுறுதல் முறையாகாது.

ஆயினும், பரிவு இசைவாகிவிடாது. 'இசைவு' என்னும் சொல்லையே ஆசிரியர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம். 'இசை' என்னும் வேரிலிருந்து பிறந்தது அது. யாழின் நரம்புகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒலிப்பதும் இசைவே. ஒருவர் எண்ணத்தோடு மற்றொருவர் எண்ணம் பொருந்துவதும் இசைவே. பொருந்துதற்கு இரண்டு வேண்டும். கேட்பவரின் எண்ணம் மட்டும் ஒலித்து, மற்றவர் வாளா இருந்தால் அங்கே இசைவு இல்லை. 'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்று திருமணப் பந்தலில் சொல்லிச் சிரிக்கலாம். பேற்றறையில் அந்தப் பழமொழியைக் கொண்டு நடப்பது கொடுமையாய் முடியும்.

அவ்வாறு முடிந்ததற்கு வரலாற்றில் சான்று உண்டு. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தில், 1966 முதல் 1970 வரையிலான சில ஆண்டுகளில் மட்டும், ஏறத்தாழ 4,500 இனுயிட் பெண்களுக்குக் கருப்பை வளையம் பொருத்தப்பட்டது. கருத்தரிக்கும் வயதுடைய பெண்களில் அது பாதியளவு. பள்ளிச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். தங்களுக்கு என்ன செய்யப்படுகின்றது என்பதையே அறியாதோர் பலர். மக்கள்தொகை பெருகினால் செலவு பெருகும் என்பது அன்றைய ஆட்சியாளரின் கணக்கு. அந்தப் பெண்களிற் பலர் அரை நூற்றாண்டு வாய் திறக்கவில்லை. 2022 இல் செய்தி பரவலாக வெளிப்பட்ட பின்னரே விசாரணை தொடங்கியது. 2025 இல் டென்மார்க்கின் தலைமை அமைச்சர் மெட்டே பிரெடெரிக்சன் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார். வளையம் தன்னளவில் தீதன்று. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் விரும்பி அணிவதும் அதுவே. கேட்காமல் வைத்த கைதான் குற்றமுடையது.

கிரீன்லாந்து தொலைவில் உள்ளது. கேட்காமலே செய்த கதை அது. கேட்டு, ஆனால் கேள்வியோடு ஒரு விலையையும் சேர்த்து வைத்த கதை சிங்கப்பூரில் உண்டு. 1966 இல் அங்குக் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் அமைந்தது. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்துக என்னும் இயக்கம் 1972 இல் எழுந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூட மருத்துவமனைப் பேற்றுக் கட்டணமும் உயர்ந்தது. பேற்றுக்குப் பின் நிலையான கருத்தடை அறுவை செய்துகொண்டால் கட்டணம் தள்ளுபடி ஆயிற்று. அவ்வாறு செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமையும் கிடைத்தது. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, கையெழுத்து அவளுடையதுதான். ஆயினும் நான்காவது பிள்ளையைப் பெற்றுப் படுத்திருக்கும் ஓர் ஏழைத் தாயின் முன், ஒரு தட்டில் அவள் கருப்பையும் மறு தட்டில் மருத்துவமனைச் சீட்டும் வைக்கப்பட்டால், அவள் எதற்கு இசைகின்றாள் என்று யார் சொல்ல வல்லார்?

கதை அத்துடன் நிற்கவில்லை. பிறப்பு விகிதம் தாழ்ந்து, 1987 இல் அதே அரசு, இயன்றவர்கள் மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலுமோ பெற்றுக்கொள்ளுமாறு அழைத்தது. 1973 இல் நிலையான அறுவைக்கு இசைந்த பெண் அந்த அழைப்பைக் கேட்டு என்ன நினைத்திருப்பாள்? மலேசியாவிலும் 1966 இல் குடும்பத் திட்டம் தொடங்கி, 1984 இல் நாட்டின் மக்கள்தொகை காலப்போக்கில் 7 கோடியாக வளரட்டும் என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டது. பிரசவ வைராக்கியம் பெண்ணுக்கு மட்டும் உரியது என எண்ணுதல் பிழை. அரசுகளும் மனம் மாறுகின்றன; பதினைந்து இருபது ஆண்டுகளில் முற்றிலும் மாறுகின்றன. அகற்றிவிடத்தக்க சாதனத்திற்கு, அகற்ற முடியாத அறுவையைவிட அறத்தில் ஒரு படி உயர்வு இருப்பது இதனாலேதான். மனிதர் எவரும் தம் நாளைய மனத்தை இன்றே அறிந்தவரல்லர் என்னும் அடக்கம் அதில் உள்ளது.

எனினும், அகற்றத்தக்கது என்பதாலேயே கட்டாயம் இனிப்பாகிவிடாது. அமெரிக்காவில் நார்பிளாண்ட் என்னும் ஆறு குச்சிச் சாதனம் 1990 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது. மூன்று நான்கு வாரங்களுக்குள், 1991 ஜனவரியில், கலிபோர்னியாவின் நீதிபதி ஒருவர், தன் பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்திய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு தாய்க்கு நீண்ட சிறைவாசத்திற்கு மாற்றாக அச்சாதனத்தை அணிய வேண்டும் என்னும் நிபந்தனையை விதித்தார். அவள் அப்போது சூல்கொண்டிருந்தாள். பேற்றுக்குப் பின் அணிய வேண்டும் என்பது ஆணை. மன்றத்தில் அவள் 'சரி' என்றாள். சில நாள்களில் அந்தச் 'சரி'யைத் திரும்பப் பெற வேண்டினாள். சிறைக் கதவைத் திறந்து காட்டிக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்கு வேறு எந்த விடைதான் வாய்க்கும்?

இத்தனையும் படித்தவர், 'அப்படியானால் பேறான பெண்ணிடம் இப்பேச்சையே எடுக்க வேண்டா. உடம்பு தேறட்டும், மனம் தெளியட்டும், ஆறு வாரம் கழித்து வரட்டும்' என்று முடிவு கட்டக்கூடும். அது மேலோட்டமான அறம். அந்த ஆறு வாரத்தில் நேர்வதை யார் சுமப்பது? தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் ஆண்டுக்கொரு பிள்ளை என்று பெற்று, பால்மரம் வெட்டப் போய், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டு, முப்பத்தைந்து வயதில் முதுமை எய்தியதை இன்றைய மாணவர் அறியார். அவர்தம் ஆசிரியரிற் பலர் கண்ணாரக் கண்டிருப்பர். அவர்களிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேளாமல் விடுவதும் ஒருவகைக் கட்டாயமே. மேலும், நோவுற்ற பெண்ணின் சொல்லை நம்பலாகாது என்னும் விதி ஒன்று ஏற்பட்டால், அவ்விதி அங்கேயே நிற்காது. 'எனக்கு மயக்க மருந்து வேண்டும்' என்று அவள் கேட்பதும், 'என்னை இப்படித் தொடாதீர்கள்' என்று அவள் மறுப்பதும் வலியின் பேச்சு என்றே ஒதுக்கப்படும். பிரசவ வைராக்கியம் என்னும் பழந்தொடரில் பெண்ணறிவை எள்ளும் ஒரு சிறு முள் மறைந்திருப்பதைக் காணாமல் போகலாகாது. சுடுகாட்டு ஞானத்தைப் பெற்ற ஆண்மகன் வீடு திரும்பி எழுதிய உயிலை யாரும் செல்லாது என்பதில்லை.

ஆக, கேட்பதா வேண்டாவா என்பதில் சிக்கல் இல்லை. எப்போது முதலில் கேட்பது என்பதில்தான் இருக்கின்றது. தேர்வு முடியும் மணி அடிக்கும்போது வினாத்தாளைக் கொடுத்து, மாணவன் எழுதியதை அவன் அறிவின் அளவாக எந்த ஆசிரியரும் கொள்ள மாட்டார். பேற்றறையில் முதன்முறையாகக் கேட்கப்படும் கேள்வி அத்தகையது. சூல் பத்து மாதம். 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் அக்காலத்தில் எட்டு முறையாவது தாய் மருத்துவப் பணியாளரைக் காண வேண்டும் என்று வரையறுத்தது. அந்த எட்டில் ஒன்றில், வயிறு இன்னும் பெரிதாகாத ஒரு காலைப் பொழுதில், இருவரும் உட்கார்ந்து பேச நேரம் உண்டு. வளையம் இன்னது, குச்சி இன்னது, இதில் உதிரம் மிகும், அதில் மாதவிலக்கு முறை தவறும் அல்லது நின்றே போகும், பால் சுரப்பதற்குத் தடையில்லை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், ஒன்றும் வேண்டாம் என்றாலும் குற்றமில்லை. இவற்றைக் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போகலாம், கணவனோடு பேசலாம், தாயைக் கேட்கலாம், மறந்தும் போகலாம், அடுத்த முறை வந்து 'அன்று சொன்னீர்களே, அது என்ன?' என்று வினவலாம். அவ்வாறு பல வாரங்கள் மனத்தில் ஊறிய சொல், பேற்றறையில் மீண்டும் ஒரு முறை கேட்கப்பட்டு உறுதி செய்யப்படுமானால், அப்போது வரும் 'சரி' வைராக்கியமன்று. அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று மாற்றிச் சொன்னால் அந்த 'வேண்டாம்' முன்னைய 'சரி'யை வெல்ல வேண்டும். இசைவு ஒருமுறை எழுதி வாங்கிப் பூட்டி வைக்கும் பத்திரமன்று.

பத்திரம் என்றதும் படிவத்தின் நினைவு எழுகின்றது. ஊசி போடுவதற்காகப் பள்ளியிலிருந்து பெற்றோர்க்கு அனுப்பப்படும் இசைவுப் படிவம், மறுநாள் காலையில் பிள்ளையின் புத்தகப்பையில் கசங்கிக் கையெழுத்தோடு திரும்பி வருவதை ஆசிரியர் எல்லாரும் அறிவர். படிக்கப்பட்டதா என்று கேட்பாரில்லை. மருத்துவமனைப் படிவமோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளிக் கல்வியோடு நின்றுவிட்ட பெண்ணுக்கு அதிலுள்ள சொற்கள் அன்றாடம் புழங்குபவை அல்ல. தோட்டத்து மக்கள் 'மிசி' என்று அன்போடு அழைத்த தாதி தமிழ் அறிந்தவளாக வாய்த்தால் நன்று. வாய்க்காத இடத்தில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவளோ, பள்ளி செல்லும் மூத்த மகளோ மொழிபெயர்ப்பாளர் ஆகின்றார்கள். தன் தாயின் கருப்பையைப் பற்றிப் பதினொரு வயதுப் பெண் எதை மொழிபெயர்ப்பாள்? இங்கே தமிழாசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. கவிதைக்கும் மேடைக்கும் சொல் தேடிய அளவிற்கு, உடலைப் பற்றிக் கூச்சமின்றி, கொச்சையுமின்றிப் பேசத் தமிழ்ச் சொல் தேடப்படவில்லை. கருப்பை என்னும் நல்ல சொல் இருக்க, 'அந்த இடம்' என்றும் 'வயிறு' என்றும் சுற்றி வளைத்துப் பேசி வளர்ந்த பெண், தனக்கு என்ன செய்யப்படப் போகின்றது என்பதைக் கேட்டுத் தெளிய முடியாமல் தலையாட்டிவிடுகின்றாள்.

கணவனின் இசைவும் மாமியாரின் இசைவும் வேண்டுமா என்னும் கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகின்றது. குடும்பம் கூடி எண்ணுவது நம் மரபு; அதில் நன்மை உண்டு. ஆனால், எண்ணுவதற்குக் கூடுவது வேறு. விடை சொல்வது வேறு. உதிரம் போவதும், முதுகு வலிப்பதும், மறுபடி சூல்கொள்வதும் அவள் ஒருத்தி உடம்பில் என்பதால் கடைசிச் சொல்லும் அவளுடையதே.

எல்லாவற்றினும் மேலாக நெடுங்காலச் சாதனத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. மாத்திரை வேண்டாம் என்றால் பெண் அதை விழுங்காமல் விட்டுவிடலாம். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. குச்சியையும் வளையத்தையும் அவ்வாறு அவளே நிறுத்த இயலாது. பயிற்சி பெற்ற மற்றொருவர் கை வேண்டும். மறதியால் பிழை நேராமல் காக்கும் அதே சிறப்புத்தான், மனம் மாறிய பெண்ணை மற்றொருவர் வாயிலில் காத்து நிற்க வைக்கின்றது. வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும், இலவசமாகவும் வைப்பர். எடுப்பதற்கு எங்குப் போவது, யார் எடுப்பார், எவ்வளவு ஆகும் என்பவற்றை வைக்கும்போதே சொல்லாத இடத்தில் பெறப்பட்ட இசைவு பாதி இசைவே. உள்ளே செல்லும் கதவைத் திறந்து காட்டி, வெளியே வரும் கதவைக் காட்டாமல் ஒருவரை அழைப்பதற்கு ஒப்பாகும் அது. வைக்கும் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும், மேலிடத்திற்கு அறிக்கை செல்லும், பாராட்டும் வரும். எடுத்துவிடும் எண்ணிக்கைக்குப் பாராட்டு இல்லை; எடுக்கக் கேட்டு வருபவளைத் தோல்வியின் கணக்காகவே பார்க்கத் தோன்றும். நல்ல மனமுடைய தாதிக்கும் அவ்வாறு தோன்றலாம்.

பிள்ளைக்கு ஏழாம் மாதம். சோறூட்டத் தொடங்கியாயிற்று. தாய் கிளினிக்குக்கு வருகின்றாள். கைக்குச்சியை எடுத்துவிட வேண்டும் என்கின்றாள். காரணம் கேட்டால், விட்டு விட்டு உதிரம் படுகின்றது, பூசை அறைக்குள் போக முடியவில்லை என்று சொல்லலாம். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று சொல்லலாம். கணவன் ஏசுகின்றான் என்று தலை குனிந்துகொள்ளலாம்; அப்படியானால் அந்தக் கணவனைப் பற்றி அவளோடு மேலும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல், 'வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று மட்டும் சொல்லி நிற்கலாம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கின்றனர். தாதி அவள் முகத்தைப் பார்க்கின்றாள், அட்டையைப் பார்க்கின்றாள், இன்னும் இரண்டரை ஆண்டு பாக்கி இருப்பதைப் பார்க்கின்றாள். 'இன்னும் இரண்டு மாதம் பொறுத்துப் பாரம்மா' என்னும் சொல் அவள் நாவின் நுனியில் நிற்கின்றது. அந்தச் சொல்லை ஒருமுறை, அறிவுரையாக, அவள் சொல்லலாம். அதற்குப் பிறகும் அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே நின்றால், கையுறையை அணிந்துகொண்டு கருவித் தட்டை எடுக்க வேண்டியதுதான்.